அம்பத்தாறு அண்ணாச்சி தேடிய கோளாறு

கறுப்பையும் வெள்ளையையும் ஒரு பொருட்டாகவே மதிக்காத மனிதர் ராஜபாளையத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் அம்பத்தாறு அண்ணாச்சி. கறுப்பு யார் வேண்டுமானாலும் கொண்டுவரலாம், வெள்ளை சும்மா விட்டாலே வரும், இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் வேலை என்பது அவர் கட்சி. அந்த நடுவில் மொத்தம் இருநூற்று ஐம்பத்தாறு படிகள் இருப்பதாகக் கம்ப்யூட்டர் அவருக்குச் சொல்லியிருந்தது. அவர் அதை டீக்கடையில் சொன்னார், சலூனில் சொன்னார், ரேஷன் வரிசையில் முன்னால் நின்றவரிடமும் பின்னால் நின்றவரிடமும் சொன்னார். அவ்வளவு பெரிய எண்ணைத் தூக்கிக்கொண்டு நடக்க எங்கள் தெருவுக்குச் சோம்பல். இருநூறைக் கழற்றிவிட்டு, அம்பத்தாறு என்று வைத்துக்கொண்டது.

விவரம் தெரியாதவர்கள் அதை அவர் வயது என்று நினைத்தார்கள். நான் அவர் வீட்டு மாடியில் குடிவந்த வருஷமும் அவருக்கு அம்பத்தாறு. காலி செய்த வருஷமும் அம்பத்தாறு. தபால் கொண்டுவரும் அம்மா ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அண்ணாச்சி என்ன சாப்பிடுகிறார் என்று விசாரித்தார்.

எனக்கு அப்போது கிருஷ்ணன்கோவிலில் ஒரு பொறியியல் கல்லூரி அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. கல்யாணம் ஆகவில்லை. கீழ் வீட்டில் அண்ணாச்சியும் அவர் மனைவியும். அண்ணாச்சியின் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். அண்ணாச்சி முப்பது வருஷம் நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். மில் அவருக்கு இயந்திர ஞானத்தைக் கொடுத்து, பதிலுக்குக் காதை வாங்கிக்கொண்டது. அவருடன் பேசுவதென்றால் ரயில்வே பிளாட்பாரத்தில் நின்று வழியனுப்புவது மாதிரி கத்த வேண்டும்.

மில்லை விட்டு வந்த பிறகு செல்போனில் எதையோ பார்த்து, ஒரு சின்ன சிஎன்சி மிஷினை வரவழைத்தார். கம்ப்யூட்டர் சொல்கிறபடி ஓடி, வீட்டில் வைத்துப் பொழுதுபோக்காக மரம் செதுக்கும் மிஷின். டீக்கடை மேஜையில் பாதி இருக்கும். பார்சலைப் பிரித்தபோது கம்பியும் திருகாணியும் மோட்டாரும் தனித்தனியாகக் கொட்டின. ஒரே பகலில் பூட்டிவிட்டார். செதுக்குகிற ஊசியைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த இடத்தில் கட்டைவிரல் அளவு லேசர் ஒன்றை மாட்டினார். பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்துக் காகிதத்தைப் பொசுக்குவோமே, அதே சமாச்சாரம்தான். ஒரு நீலப் புள்ளி பலகையின் மேல் இடமிருந்து வலம் போகும், வலமிருந்து இடம் வரும், உழவு ஓட்டுகிற மாதிரி ஒவ்வொரு வரியாக நகரும். நெருப்பைக் கூட்டினால் மரம் கறுக்கும், குறைத்தால் லேசாகச் சிவக்கும், அணைத்தால் மரத்தின் நிறமே நிற்கும். இப்படிப் பல மணி நேரம் ஓடி முடித்தால் ஒரு போட்டோ, நிழலும் வெளிச்சமுமாக மரத்தில் எழுந்து நிற்கும்.

நிற்க வேண்டும். முதல் ஆறு மாதம் நிற்கவில்லை. ஒன்று ஆவி மாதிரி வந்தது, இல்லாவிட்டால் அடுப்பில் மறந்துபோன தோசை மாதிரி வந்தது. அவர் முதலில் செய்தது தன் கல்யாணப் போட்டோ. மாப்பிள்ளை தப்பித்துக்கொண்டார், பெண் கரிந்துவிட்டாள். மதினி அந்தப் பலகையை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்து காட்டினார்.

"நான் இன்னும் உசுரோடதான் இருக்கேன்னு அவியகிட்ட கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க தம்பி."

மரம் கம்ப்யூட்டர் சொல்வதைக் கேட்காது என்பதை அண்ணாச்சி மெல்லக் கண்டுபிடித்தார். ஐம்பது வரை சூடேற்றினாலும் ஒன்றும் ஆகாமல் கம்மென்று இருக்கும், அறுபதில் திடீரென்று கோபம் வந்து பழுப்பாகிவிடும், நூறு தாண்டினால் எல்லாம் ஒரே கரி. மழைக்காலத்தில் ஒரு குணம், சித்திரையில் ஒரு குணம். ஆகவே எந்தப் பலகை வந்தாலும் அதன் ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் சுட்டுப் பார்ப்பார். லேசில் ஆரம்பித்துக் கறுப்பில் முடியும் கட்டங்கள். அப்படிச் சுட்ட துண்டுகள் வீடெங்கும் கிடந்தன. மதினி அவற்றைத் தண்ணீர்ப் பானைக்கு மூடியாக வைத்தார், ஆடும் ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்தார், தோசைக்கல்லை இறக்கிவைத்தார். கடைசியில் மலைவேம்புதான் பொறுமையான மரம் என்று அண்ணாச்சி தீர்ப்புச் சொன்னார். மதினியைப் பெண் பார்த்த அன்றுகூட அவர் அவ்வளவு யோசித்திருக்க மாட்டார்.

இந்த ஆராய்ச்சியால் அவர் பார்வையே மாறிப்போனது. யாரைப் பார்த்தாலும் மூக்கின் ஓர நிழல் எத்தனை, தாடைக்குக் கீழே எத்தனை என்று எண்ண ஆரம்பித்தார். ஒருமுறை நானும் அவரும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் போனோம். எதிரே இருந்தவரை அண்ணாச்சி ரயில்வே கேட்டில் ஆரம்பித்து கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே வந்தார். அந்த ஆள் முதலில் சட்டையைச் சரிசெய்தார், அப்புறம் முகத்தைத் துடைத்தார், அப்புறம் எழுந்து வந்தார். மஃப்டியில் இருந்த போலீஸ்காரர். என்ன வேண்டும் உமக்கு என்று கேட்டதற்கு அண்ணாச்சி, பஸ் முழுக்கக் கேட்கும்படி, "ஒங்க மூஞ்சிக்கு மட்டும் நூத்தி அறுவது தேறும் சார்" என்றார். நடுவில் புகுந்து நான் விளக்கிய விளக்கத்தில் பஸ் ஸ்ரீவில்லிபுத்தூரையே தாண்டிப் போய்விட்டது.

லேசர் கண்ணைக் கெடுக்கும் என்பதால் பச்சைக் கண்ணாடி போட்டுக்கொள்வார். அதைக் கழற்ற மறந்து சந்தைக்குப் போய்விடுவார். எல்லாமே பச்சையாகத் தெரிந்த தைரியத்தில் பழுத்த தக்காளியைக் காய் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவர் அவர்.

ஊரில் பேர் பரவியபோது ஆர்டர்களும் வந்தன. வேட்டை நாய் வளர்க்கும் பெரிய வீட்டுக்காரர் ஒருவர் தன் நாயின் போட்டோவோடு வந்தார். எங்கள் ஊர் நாய் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்; சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி முழு வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ். வெள்ளைப் பலகையில் வெள்ளை நாயைச் சுட என்ன இருக்கிறது? முதல் பலகையில் இரண்டு கண்ணும் ஒரு மூக்கும் மட்டும் அந்தரத்தில் தொங்கின. நாய்க்காரர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, நாய் எப்போது வரும் என்று கேட்டார். அண்ணாச்சி இரண்டு நாள் சாப்பாட்டில் கவனமில்லாமல் திரிந்தார். மூன்றாம் நாள் நாயை விட்டுவிட்டு, நாயைச் சுற்றியிருந்த சுவர், செடி, தரை எல்லாவற்றையும் கறுக்கச் சுட்டார். நடுவில் நாய் தானாக வந்து நின்றது. நானே ஒரு எட்டு பின்னால் வைத்தேன்.

இன்னொரு கல்யாண வீட்டார் செல்போனில் பளபளவென்று ஆக்கிய பெண் போட்டோவைக் கொண்டுவந்தார்கள். அண்ணாச்சி அதில் பெண்ணைத் தேடினார். கன்னமும் நெற்றியும் ஒரே எண்ணாக இருக்கிறது, இதில் முகமே கிடையாது, நிஜப் பெண்ணைக் கூட்டிவாருங்கள் என்றார். அவர்கள் போட்டோவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

மிஷின் ஓடும்போது கரண்டில் ஒரு குலுக்கல் வந்தாலும் அது தன் இடத்தை மறந்துவிடும். இதைக் கண்டுபிடித்துக் கொடுத்தது மதினியின் மிக்ஸி. கவுன்சிலர் தேர்தலுக்கு நிற்கவிருந்த ஒருவரின் முகம் ஓடிக்கொண்டிருந்தபோது மதினி தேங்காய்ச் சட்னி அரைத்தார். மீசை ஒரு விரற்கடை நகர்ந்து காதுப் பக்கம் போய்விட்டது. அன்றிலிருந்து மிஷின் ஓடும்போது மிக்ஸி கூடாது, மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் கூடாது என்று சட்டம். மோட்டாரின் சுவிட்ச் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. அதில் மாட்டுவதற்கு ஒரு பலகையும் செய்தார்: 'முகம் ஓடுது. மோட்டார் போடாதீங்க.' லேசரிலேயே சுட்டது. எழுத்து அவ்வளவு அழகு.

சிரிக்கும்படி எனக்குச் சொல்லத் தெரிந்தது இதுவரைதான்.

ஒரு நாள் கான்சாபுரத்திலிருந்து ஒரு பட்டாளத்துக்காரர் வந்தார். ஓய்வு பெற்று வெகுகாலம் ஆனவர். ஆனாலும் நாற்காலியில் முதுகு சாயாமல்தான் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய போட்டோவை எடுத்தார். ஓரமெல்லாம் பூஞ்சைக் காளான். இருபது வயதுப் பெண் ஒருத்தி, பவுடர் பூசிய வெள்ளை முகத்துடன் இருந்தாள். அவர் மனைவி. இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

போட்டோ நன்றாகத்தான் இருக்கிறது, செய்துவிடலாம் என்று அண்ணாச்சி சொன்னதற்கு அவர் மறுப்பாகத் தலையை ஆட்டினார்.

"இது அவ இல்லண்ணாச்சி. ஸ்டூடியோக்காரன் வெள்ளையடிச்சு வச்சிருக்கான். அவ நல்ல கறுப்பு. கல்யாணத்துக்கு முன்னாடி இந்தப் போட்டாவத்தான் எனக்குப் பட்டாளத்துக்கு அனுப்புனாக. லீவுல வந்து பாத்தா வேற பொண்ணோன்னு தோணிப்போச்சு. பொறவு அந்தக் கறுப்புதான் எனக்குப் புடிச்சுது. அத ஒருத்தரும் படத்துல கொண்டாரல."

அண்ணாச்சிக்கு இதெல்லாம் ஒரே தடவையில் கேட்டுவிட்டது என்பதுதான் ஆச்சரியம். அவர் எழுந்து போய், தண்ணீர்ப் பானை மேல் மூடியாக இருந்த பலகைத் துண்டைத் துடைத்துக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். அதில் லேசிலிருந்து கறுப்பு வரை கட்டங்கள் வரிசையாக இருந்தன. எது அவள் நிறம் என்று காட்டச் சொன்னார்.

பட்டாளத்துக்காரர் அந்தத் துண்டை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்து, நெற்றி இது என்றார். கன்னம் அதற்கு அடுத்தது. கண்ணுக்குக் கீழே இன்னும் ஒன்று தள்ளி. கழுத்தோரம் வெயில் படாத இடம், அதனால் இரண்டு படி லேசு என்றார். அதற்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தப் போட்டோவை வைத்துக்கொண்டு அண்ணாச்சி இரண்டு மாதம் வேறு வேலையே பார்க்கவில்லை. பட்டாளத்துக்காரர் வாராவாரம் பஸ் ஏறி வருவார். ஒவ்வொரு சோதனைப் பலகையையும் பார்த்து, இன்னும் கொஞ்சம் என்பார், இல்லாவிட்டால், இது அவள் அக்கா மாதிரி இருக்கிறது என்பார். ஒருநாள் சின்னதாக ஒரு நெற்றியும் கண்ணும் மட்டும் சுட்டுக் காட்டியபோது அவர் அந்த நெற்றியை விரலால் தடவிப் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கதவு வரை போன அண்ணாச்சி திரும்பி வந்து என் தோளில் ஒரு அடி அடித்தார். சந்தோஷம் வந்தால் அவருக்கு அதுதான் பேச்சு.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நல்ல மலைவேம்புப் பலகையில் முழு முகமும் ஓட ஆரம்பித்தது. சாயங்காலம் வரை ஓடும். மதினி ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்குப் போயிருந்தார். பட்டாளத்துக்காரர் சாயங்காலம்தான் வருவார். சுவிட்சில் பலகை தொங்கியது.

எனக்கு அன்று மம்சாபுரத்தில் பெண் பார்க்கும் சடங்கு. மாப்பிள்ளை நான். மத்தியானம் தலை நிறைய ஷாம்பு போட்டு நுரை கட்டி நின்றபோது குழாயில் தண்ணீர் நின்றுபோனது. வாளியிலும் இல்லை. முதல்நாளே மோட்டார் போட மறந்திருந்தேன். துண்டைக் கட்டிக்கொண்டு, ஒரு கண்ணை மூடியபடி படியிறங்கி வந்தேன். பலகையைப் படித்தேன். படிக்கவில்லை என்று நான் எங்கேயும் சொல்லிக்கொள்ள முடியாது. இரண்டு நிமிஷம்தானே என்று நினைத்தேன். பலகையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு சுவிட்சைப் போட்டேன். தலைக்குத் தேவையான தண்ணீர் ஏறியதும் அணைத்தேன். பலகையை முன்பு இருந்த மாதிரியே, எழுத்து வெளியே தெரியும்படி, திரும்ப மாட்டினேன். உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு மிஷின் பக்கத்தில் இருந்த அண்ணாச்சிக்கு மோட்டார் சத்தம் கேட்டிருக்க வழியில்லை.

பெண் வீட்டில் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு நான் திரும்பியபோது கீழ் வீட்டில் அண்ணாச்சியும் பட்டாளத்துக்காரரும் நின்றுகொண்டிருந்தார்கள். பலகை மேஜையில் இருந்தது.

நெற்றி, புருவம், கண்கள், மூக்கு வரை ஒரு பெண் உயிரோடு நம்மைப் பார்த்தாள். நல்ல கறுப்பு. அந்தக் கறுப்புக்குள் கன்னத்தின் ஏற்றமும் மூக்குத்தியின் பக்கத்து மினுக்கமும் இருந்தன. மேல் உதட்டிலிருந்து கீழே, முகம் ஒரு விரற்கடை வலப்பக்கம் நகர்ந்திருந்தது. வாயும் தாடையும் கழுத்தும் வேறு யாருடையதோ மாதிரி தள்ளி நின்றன.

அண்ணாச்சி என்னைப் பார்த்து, "தம்பி, நீங்க மோட்டார் போட்டியளா?" என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. போட்டிருந்தால் நிம்மதி என்பதுபோலத்தான் கேட்டார். அது எனக்கு அப்போது புரியவில்லை. பட்டாளத்துக்காரர் அந்தப் பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றார். நான் தலையை இட வலமாக ஆட்டினேன். அந்தப் பொய்க்கு வாயைத் திறக்கக்கூடத் தேவைப்படவில்லை.

அண்ணாச்சி நம்பிவிட்டார். அப்படியென்றால் மிஷினில்தான் கோளாறு, சரிசெய்துவிட்டு வேறு பலகையில் ஓட்டித் தருகிறேன் என்று பட்டாளத்துக்காரரிடம் சொன்னார். அவரும், அவசரமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். மம்சாபுரத்துப் பெண் வீட்டாரும் மறுநாள் என்னை வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த வாரத்தில் யாராவது சரியான முடிவு எடுத்தார்கள் என்றால் அது அவர்கள்தான்.

அன்று ஆரம்பித்தது தேடல். அண்ணாச்சி மிஷினைக் கடைசித் திருகாணி வரை கழற்றித் துடைத்துப் பூட்டினார். ஒயரையெல்லாம் மாற்றினார். மேஜை ஆடுகிறதோ என்று காலுக்கு சிமென்ட் வைத்தார். எலி கடித்திருக்குமோ என்று ஒரு வாரம் எலியைப் பார்த்தார். கம்ப்யூட்டரை ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தூக்கிப் போய்க் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு சோதனை ஓட்டுவார். கோடு பிசகாமல் அச்சடித்த மாதிரி வரும். அதுதான் அவரைக் கொன்றது. இருக்கிற கோளாறு என்றாவது கைக்கு அகப்படும். இல்லாத கோளாறை எந்த ஃபிட்டர் கண்டுபிடிப்பார்? தப்பு வந்திருந்தால் சரிசெய்திருப்பார். சரியாகவே வந்துகொண்டிருந்ததால் அவருக்குப் பயம் கூடிக்கொண்டே போனது. மறுபடி அந்த முகத்தை ஓட்டப் பலகையை வைப்பார், கையை சுவிட்சுக்குக் கொண்டுபோவார், எடுத்துவிடுவார்.

புது ஆர்டர்களை வேண்டாம் என்றார். மதினி இஷ்டம்போல் மிக்ஸி போட்டார். ஆனால் அவருக்கு அதில் சந்தோஷம் இல்லை என்பது சட்னியிலேயே தெரிந்தது.

நான் சொல்லிவிடலாம் என்று பலமுறை படியிறங்கினேன். நாலாவது படி வரை வருவேன். அவர் தரையில் உட்கார்ந்து ஒரு திருகாணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் செருப்பை மறந்தவன் மாதிரி மேலே போய்விடுவேன். ஒரு நாள் அவரே மேலே வந்தார். காரணம் தெரிந்துவிட்டது என்றார்.

"மில்லுல இருக்கையில சத்தத்த வச்சே சொல்லிருவேன் தம்பி, எந்த பேரிங் போகப்போகுதுன்னு. இப்பக் காது இல்ல. அன்னைக்கு மிசினு என்னமோ சொல்லியிருக்கு. எனக்குத்தான் கேக்கல."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். இந்தப் பத்தியை எழுதும்போதும் அந்த இடத்தில் பேனா நின்றுவிடுகிறது. நான் அன்று, டாக்டரைப் பார்க்கலாமே அண்ணாச்சி என்று ஏதோ கத்தினேன்.

நாலைந்து மாதம் கழித்துப் பட்டாளத்துக்காரர் வந்து, அந்த நகர்ந்த பலகையையே கேட்டார். அண்ணாச்சி கொடுக்க மாட்டேன் என்றார். அது தன் கையால் வெளியே போகக்கூடாது என்றார். பட்டாளத்துக்காரர் விடவில்லை. "நெறம் அவ நெறந்தான் அண்ணாச்சி. அது போதும்" என்று சொல்லி, பலகையைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு போனார். அதற்கு அடுத்த மாதம் நான் வீட்டைக் காலி செய்தேன். கல்லூரிக்குப் பக்கத்தில் இருந்தால் சௌகரியம் என்று காரணம் சொன்னேன்.

இரண்டு வருஷம் நான் அந்தத் தெருப் பக்கம் போகவில்லை. போன தையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் மதினியைப் பார்த்தேன். மிஷினை அந்த ஊர் ரத வீதியில் சாவிக்கொத்தில் பெயர் எழுதித் தரும் கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டார்களாம். கொடுக்கும்போது அண்ணாச்சி ஒரு அட்டையில் 'கோளாறு உள்ளது' என்று எழுதி அதில் ஒட்டியிருக்கிறார். வாங்குகிறவனை ஏமாற்றக் கூடாதாம். ஒருநாள் வாருங்கள் தம்பி, உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்றார் மதினி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். அண்ணாச்சி இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் தோளில் அடித்தார். நான் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன், மெதுவாக ஆரம்பித்தேன். என்ன என்றார். கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். என்ன என்றார். கடைசியில், "அன்னைக்கு மோட்டார் போட்டது நாந்தான் அண்ணாச்சி" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். எதிர்வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தார். மதினி கையில் டம்ளரோடு அப்படியே நின்றார். பொய்யைத் தலையாட்டி முடித்தவனுக்கு உண்மை தெருவுக்கே கேட்கும்படி ஆயிற்று.

அண்ணாச்சி முகத்தில் கோபத்தைத் தேடினேன். வந்தது வேறு.

"அப்ப மிசினு மேல தப்பு இல்ல" என்றார்.

திரும்பவும் அதையே மதினியிடம் சொன்னார். எழுந்து சட்டையை மாட்டினார். வாங்க போவோம் என்றார். எங்கே என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். பாதி வழியில், என் பக்கம் திரும்பாமலே, "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். ஒரே ஒருமுறைதான் சொன்னார். அவர் வாழ்நாளில் மெதுவாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு வாக்கியம்தான்.

கடைக்காரர் நல்ல மனிதர். மிஷின் இருக்கிறதா என்று கேட்டதும் சங்கடப்பட்டார். கோளாறு என்று எழுதியிருந்ததால் அவர் அதை ஓட்டிப் பார்க்கவே இல்லை. மோட்டார்களைக் கழற்றி வேறொரு மிஷினுக்குப் போட்டுவிட்டார். லேசர் கைமாறிப் போய்விட்டது. வெறும் சட்டம் மட்டும் மூலையில் நின்றது. அதன் மேல் அட்டைப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்.

அண்ணாச்சி பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார். சட்டத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு கடைக்காரரிடம், இதற்கு ஒரு கோளாறும் கிடையாது, நான்தான் தப்பாக எழுதிவிட்டேன் என்றார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். சரிங்க என்றார் அவர், ரசீது வாங்கிக்கொள்கிறவர் மாதிரி பணிவாக. அண்ணாச்சி பெட்டிகளைத் திரும்பவும் அடுக்கி வைத்துவிட்டு வெளியே வந்தார்.

பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கும்போது, புது மிஷின் ஒன்று வாங்கித் தருகிறேன், வேண்டாம் என்று சொல்லக்கூடாது என்று கத்தினேன். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் சம்மதித்த மாதிரி பார்த்தார்கள். அண்ணாச்சி சிரித்தார். சர்க்கரையில் கண் மங்கிவிட்டது என்றார். ஒரு வருஷமாக இப்படித்தானாம். சுட்ட கட்டங்களைப் பார்த்தால் பக்கத்துப் பக்கத்துக் கட்டம் எல்லாம் ஒன்றாகத் தெரிகிறதாம். டாக்டர் ஊசி போடுகிறார், இதற்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறார். இதை அவர் யார் மேலும் குறையாகச் சொல்லவில்லை. அவர் கண் நன்றாக இருந்த கடைசி வருஷங்களை ஒரு திருகாணியைப் பார்ப்பதில் செலவழிக்க வைத்தவன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

ராஜபாளையத்தில் பஸ் நின்றபோது நான் முதலில் இறங்கினேன். அண்ணாச்சி கடைசிப் படியில் நின்று காலால் தரையைத் துழாவினார். இருட்டு ஒன்றும் இல்லை, நல்ல சாயங்கால வெளிச்சம்தான். நான் கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டு இறங்கினார். இறங்கிய பிறகும் விடவில்லை. கடைத்தெருவில் தெரிந்தவர்கள் எல்லாம் பார்க்க, வீடு வரைக்கும் அப்படியே நடந்தோம். வாசலில் மதினி கதவைத் திறந்தபோதும் என் கை அவர் கையில்தான் இருந்தது. எடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.